சுழல்தண்டு மரையைச் சீர்செய்தல்

மரக் கடைசல் எந்திரத்தில் சக் (மரத்துண்டைப் பிடிக்கும் கவ்வி) திருகி ஏற்றப்படும் சுழல்தண்டின் மரை பெரும்பாலும் நுனியிலுள்ள ஓரிரு சுற்றுகளில்தான் சிதைகிறது; கனமான சக்கைக் கோணலாகத் திருகுவதே அதற்கு வழக்கமான காரணம். மின்இணைப்பைத் துண்டித்து, பித்தளைத் தூரிகையால் மரையைத் துலக்கி, மார்க்கர் மையைப் பூசி, சக்கை விசையின்றி மெல்லத் திருகிப் பார்த்தால், மை உரசித் தேய்ந்த இடமே மேடிட்ட இடம் என்று புலப்படும்.

1 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 8 மரையும் கொண்ட தண்டிலும், 33 மில்லிமீட்டர் விட்டமும் 3.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்ட தண்டிலும் மரையின் கோணம் 60 பாகை என்பதால், சிறிய முக்கோண அரம் அப்பள்ளத்தில் இயல்பாகவே பொருந்தும் (பழைய பிரிட்டிஷ் எந்திரங்கள் சிலவற்றில் இக்கோணம் 55 பாகை). தண்டைக் கையால் சுழற்றியவாறு மேட்டை மட்டுமே அராவ வேண்டும். மரையின் அடியிலுள்ள தோளில், அதாவது சக் ஒட்டி அமர்ந்து நேராக நிற்க உதவும் தட்டையான முகத்தில், அரம் படவே கூடாது. சேதம் பல சுற்றுகளுக்குப் பரவியிருந்தால், நுனியை அரத்தால் சீராக்கிய பின், அதே அளவுள்ள டையை, அதாவது வெளிமரை வெட்டும் கருவியை, எண்ணெயிட்டு அரைச்சுற்று முன்னும் கால்சுற்று பின்னுமாகத் திருப்பலாம். வால்வு தேய்க்கும் பசையைச் சக்கினுள் இட்டுத் தேய்ப்பது நல்ல மரையையும் சேர்த்தே தின்றுவிடும்.