இடுப்புவலி: ஊசி மேல் பழி போடலாமா?

இடுப்புவலி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் ஒரு வைத்தியம் சொல்லிவிடுவார். 2020இல் உலகெங்கும் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன நோயால்தான் வலிக்கிறது என்று சுட்டிக்காட்ட முடிவதில்லை. காரணம் பிடிபடாததால் ஆளுக்கொரு காரணம் கிளம்புகிறது.

நம்பிக்கை: சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசிதான் ஆயுள் முழுக்க இடுப்பை வலிக்க வைக்கிறது.

உண்மை: ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், அதோடு சரி. பிரசவத்தின்போது முதுகில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நாள்பட்ட இடுப்புவலி இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. கர்ப்ப காலத்தில் வயிற்றுத் தசைகள் இழுபட்டு வலுவிழக்கின்றன; இடுப்பு மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் தளர்கின்றன. பிள்ளை பிறந்தபின் கூன் போட்டு உட்கார்ந்து பாலூட்டுவது, ஒரே பக்க இடுப்பில் குழந்தையைச் சுமப்பது, தூக்கம் கெடுவது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஊசியையே திட்டிக்கொண்டிருப்பதால், தசைகளை வலுவாக்கும் பயிற்சிதான் தள்ளிப்போகிறது.

நம்பிக்கை: ஸ்கேனில் 'டிஸ்க் பிதுங்கியிருக்கிறது' என்று வந்தால் ஆபரேஷன்தான் வழி.

உண்மை: முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1994இல் வெளியானது. அவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஏதாவது ஒரு டிஸ்க் புடைத்திருந்தது. வயது ஏற ஏறத் தேய்மானமும் இயல்பு. நரம்பை அழுத்திக் காலில் வலி இறங்கினாலும், பலருக்குச் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடுகிறது.

நம்பிக்கை: வலி தீரும்வரை படுத்தே இருக்க வேண்டும்.

உண்மை: படுக்கை நீள நீளத் தசை இளைக்கும்; எழுந்து நடக்கவே பயம் வரும். இடுப்புவலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பிவரச் சராசரியாக 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்.

நம்பிக்கை: மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் படுத்தால் சரியாகும்.

உண்மை: ஸ்பெயினில் 313 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையே நல்ல பலன் தந்தது.

நம்பிக்கை: இடுப்புக்குப் போடும் பெல்ட்டைக் கழற்றவே கூடாது.

உண்மை: 2023 டிசம்பரில் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டி, நாள்பட்ட வலிக்கு பெல்ட்டையும், முதுகெலும்பை இழுத்துவிடும் ட்ராக்‌ஷனையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய சரியான புரிதல், மனப்பயிற்சி ஆகியவற்றைத்தான் முன்வைக்கிறது. மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலிமாத்திரை, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் வலுவிழப்பது ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது ஆகியவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, வலி இருக்கிறதென்று முடங்காதீர்கள். இன்றைக்கு முடிந்த தூரம் நடங்கள், நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.