சிறுநீரக மாற்றும் நோயாளர் உள்ளமும்



ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். இவற்றுள் ஔடதமும் அபயமும் ஒருங்கே வேண்டப்படும் நிலை ஒன்று உண்டு. சிறுநீரகங்கள் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்வோரின் நிலையே அது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொள்ளலாம் என மருத்துவர் கூறுங்கால், அவருள் பலர் ‘வேண்டாம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். அச்சொல்லின் உட்பொருளை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. சிகிச்சை இரண்டு

சிறுநீரகம் இரத்தத்திலுள்ள கழிவையும் மிகையான நீரையும் இரவும் பகலும் பிரித்து வெளியேற்றுகிறது. டயாலிசிஸ் இயந்திரமோ அப்பணியை வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் மட்டுமே செய்கிறது. ஆதலின் இடைப்பட்ட நாள்களில் பருகும் நீருக்கும் அளவுண்டு. இளநீர், வாழைப்பழம் முதலியவற்றிற்கும் கட்டுப்பாடு உண்டு.

1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்கு வெற்றியுடன் பொருத்தப்பெற்றது. அவ்வறுவையைச் செய்த ஜோசப் மரே 1990இல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் 1971ஆம் ஆண்டிலேயே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இவ்வறுவை வெற்றியுடன் நடைபெற்றது.

புதிய சிறுநீரகம் அடிவயிற்றின் ஒருபுறத்தில் பொருத்தப்படும். பழையவை பெரும்பாலும் அகற்றப்படுவதில்லை. உடல் அதனைத் தள்ளிவிடாதிருக்க மருந்தைத் தவறாது உண்டுவர வேண்டும். நோய்த்தொற்றுக்கு அஞ்சி நடக்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்து அதுவும் செயலிழக்கக் கூடும். ஆயினும் தகுதியுடையார்க்கு இது டயாலிசிஸினும் நீண்ட வாழ்நாளையும் உரிமையான வாழ்வையும் தருகிறது.

2. ‘வேண்டாம்’ என்பதன் பொருள்கள்

அச்சொல்லுக்குப் பொருள் ஒன்றன்று. அறுவைக்கு அஞ்சுவோர் சிலர். பொருத்திய சிறுநீரகமும் கெட்டுவிட்டால் மீண்டும் இயந்திரத்திற்கே வர வேண்டுமே என்று தளர்வோர் சிலர். ‘டயாலிசிஸ் பழகிவிட்டது, இதுவே போதும்’ என்போர் சிலர். ‘எனக்கு வயதாகிவிட்டது’ என்போரும் உளர். இறந்தவர் தரும் உறுப்பைப் பெறப் பதிவு செய்வதற்கு முன்னர் இருந்த 65 வயது வரம்பை 2023இல் மத்திய அரசு நீக்கிவிட்டது. வயது மட்டுமே தடையன்று. உடல்நிலையை நோக்கி மருத்துவரே முடிவு கூறுவர்.

இவற்றினும் ஆழமானது ஒன்றுண்டு. பெற்ற பிள்ளையின் உடலில் கத்தி படத் தான் காரணமாவதா என்று தாயும் தந்தையும் கலங்குகின்றனர். கேட்டால் மறுப்பரோ, மறுத்தால் உறவு முறியுமோ என்னும் அச்சமும் உடன் சேர்கிறது. இந்நிலையில் ‘வேண்டாம்’ என்பது மறுப்பன்று. கேட்க இயலாமையே ஆகும். வீட்டார் அதனை முடிவென எண்ணி வாளாவிருந்துவிடுகின்றனர். இருசாராரும் மௌனம் காக்க, காலம் கழிகிறது.

3. சமயம் பற்றிய ஐயங்கள்

‘உறுப்பு குறைந்தால் மறுபிறவியிலும் குறையுமோ?’ என வினவுவர். ஔதாரிகம், வைக்கிரியிகம், ஆகாரகம், தைசசம், கார்மணம் என உடல் ஐவகைப்படும் எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும். நம் பருவுடலாகிய ஔதாரிகம் இங்கேயே ஒழியும். உயிரோடு செல்வன தைசசமும் கார்மணமுமே. சிறுநீரகம் பருவுடலைச் சார்ந்தது. ஆதலின் இவ்வையத்திற்கு இடமில்லை.

‘நோய் வினைப்பயன், அதனை மாற்றலாமோ?’ என்பர் சிலர். மருந்தால் நோய் தீர்த்தல் தகாது எனின், ஔடத தானத்தை நம் முன்னோர் அறமாக வைத்திருப்பரோ?

இரவில் உண்ணா நோன்புடையார்க்கு மருந்து வேளை பற்றிய கவலை உண்டு. இம்மருந்துகளுட் சில 12 மணி நேர இடைவெளியில் உண்ணப்படுவன. காலை 6, மாலை 6 என மருத்துவரைக் கேட்டு அமைத்துக்கொள்ளின் நோன்புக்கு இடர் பெரிதும் குறையும். பகற்பொழுது குறுகிய மாதங்களில் செய்யத்தக்கதைத் துறவியரிடம் கேட்டுத் தெளியலாம். மருந்தை விடுதல் மட்டும் கூடாது.

மனமுடைந்து ‘போதும்’ என்பதைச் சல்லேகனை எனவும் கொள்ளற்க. அது விருப்பும் வெறுப்பும் நீங்கிய தெளிவில் ஏற்பது, துயரத்தில் பிறப்பதன்று.

4. கொடுப்போர் பக்கம்

1994ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. கணவன், மனைவி, பெற்றோர், மக்கள், உடன்பிறந்தோர் ஆகியோர் நெருங்கிய உறவினர் என்னும் முறையில் வழங்கலாம். 2011இல் வந்த திருத்தம் பாட்டன் பாட்டியரையும் பேரன் பேத்தியரையும் சேர்த்தது. நம் நாட்டில் உயிரோடிருந்து வழங்குவோருள் மகளிரே மிகுதி. அன்பால் விளைந்ததாயின் போற்றுவோம். ஆனால் மருமகள் என்பதாலும் மனைவி என்பதாலும் வற்புறுத்தல் இம்சையே ஆகும். தர இயலாதென்பவரைப் பழியாமையும் அபய தானமே.

மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைக் குடும்பத்தார் இசைவுடன் பெறும் திட்டம் தமிழகத்தில் 2008 முதல் நடைபெறுகிறது. அவ்வாறு வழங்குவோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023இல் அறிவிக்கப்பட்டது. எனினும் காத்திருப்போர் மிகப் பலர்; நெடுங்காலம் காத்திருத்தலும் நேரும்.

5. நாம் செய்யத்தக்கன

‘வேண்டாம்’ என்றவரிடம் ‘ஏன்?’ என்று அன்புடன் வினவுவோம். அவர் கூறும் ஐயங்களை ஒரு தாளில் எழுதி, மருத்துவரிடம் உடன் செல்வோம். பிள்ளைகள் பெற்றோர் கேட்கட்டும் என்று காத்திராமல், தாமே பேச்சைத் தொடங்கலாம். அனைத்தையும் அறிந்தபின் நோயாளர் டயாலிசிஸையே விரும்பினால் அம்முடிவை மதிப்போம். அறியாமையால் வரும் மறுப்பு வேறு. அறிந்து கூறும் மறுப்பு வேறு.

சிந்தனைக்கு வினாக்கள்

1. மறுபிறவியில் உயிரோடு செல்லும் உடல்கள் யாவை?
2. மறுப்பும் கேட்க இயலாமையும் எவ்வாறு வேறுபடும்?
3. கொடுக்க மறுப்பவரிடத்தும் அகிம்சையை எவ்வாறு காப்பீர்?

வீட்டில் அனைவரும் கூடியிருக்கும் வேளையில் இவ்வினாக்களைப் படித்து உரையாடுக.

நல்லறம் ஓங்குக!