அடுப்படிக்கு எந்தச் சுற்று?

பத்தாம் வகுப்பில் வீட்டு மின்சுற்று நடத்தும்போது, பக்க இணைப்பில் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே மின்னழுத்தம் கிடைக்கும் என்று சொல்லி, இரண்டு கணக்கும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சுவருக்குள் அந்த ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பாடம் நேராக அடுப்படிக்குள் போய்விடும்.

முதல் நாள் வீட்டுப்பாடம் எளிது. சமையலறைக் கருவிகளில் ஒட்டியுள்ள வாட் அளவை எழுதி வர வேண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகே கருவியைத் தொட வேண்டும். சுவிட்ச் போர்டைத் திறக்கவே கூடாது. 2011இல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் வழங்கத் தொடங்கியபின், பட்டியலில் ஒன்றுமில்லை என்று சொல்லும் பிள்ளைகள் மிகக் குறைவு. இப்போது இண்டக்‌ஷன் அடுப்பும் கெட்டிலும் சேர்ந்துவிட்டன. 2000 வாட் அடுப்பை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். 1500 வாட் கெட்டில் 6.5. 750 வாட் மிக்சி 3.3. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 18.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்ட ஒரே லைனுக்கு இது அதிகம்.

கடலூர் செம்மண்டலமானாலும் சிதம்பரமானாலும் நம் எலக்ட்ரீஷியன்கள் போடுவது ஆரச் சுற்றுதான். டி.பி. பாக்ஸிலிருந்து புறப்படும் லைன் கடைசி பிளக் பாயிண்டோடு முடிந்துவிடும். இங்கிலாந்தில் இன்னொரு முறை உண்டு. லைன் எல்லா பாயிண்டுகளையும் தொட்டுவிட்டு மீண்டும் அதே பெட்டிக்கே திரும்பும். இது வளையச் சுற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செம்புத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அங்கே பரவியது. அதற்கேற்ற சதுர முனை பிளக்கின் தர நிர்ணயம் 1947இல் வந்தது.

வகுப்பில் இதைக் காட்ட இரண்டு டார்ச் செல், ஒரு சிறு பல்பு, கொஞ்சம் ஒயர் போதும். செல்லின் நேர்முனையிலிருந்து பல்புக்கு இரண்டு ஒயர்கள் இணையுங்கள். ஒன்றைக் கழற்றினாலும் பல்பு எரியும். ஒற்றை ஒயரில் அப்படிச் செய்தால் அணையும். எது நல்லது என்று கேட்டால் வகுப்பு முழுவதும் “வளையம்தான் சார்!” என்று கத்தும். கத்தட்டும். அதன்பின் இந்தக் கணக்கைக் கொடுங்கள்.

வளையத்தின் மொத்த நீளம் 40 மீட்டர். ஒரு முனையிலிருந்து 10 மீட்டரில் 24 ஆம்பியர் பளு. மின்தடை நீளத்துக்கு நேர்விகிதம் என்பதால் 10 மீட்டர் பக்கம் 18 ஆம்பியரும் 30 மீட்டர் பக்கம் 6 ஆம்பியரும் பாயும். இனி ஒரு பக்கம் அறுந்துவிட்டது என்று வையுங்கள். மிக்சி ஓடுகிறது, அடுப்பு எரிகிறது, யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் மீதியுள்ள ஒயரில் 24 ஆம்பியர் முழுவதும் போகிறது. குழாய்க்குள் செல்லும் 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயருக்கு ஏறத்தாழ 20 ஆம்பியர் என்று வைத்துக் கணக்கிட்டால் இது மிகை. வளையத்துக்குப் போடும் எம்.சி.பி.யோ 32 ஆம்பியர், அது விழாது. ஒயர் சுவருக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும். ஆரச் சுற்றில் ஒயர் அறுந்தால் கருவி நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். பல்பு அணைவதை வகுப்பு அப்போது வேறு கண்ணோடு பார்க்கிறது.

நம் நாட்டுக்கு வளையம் ஒத்துவராததற்கு இதைவிடப் பெரிய காரணம் பிளக்கில் இருக்கிறது. இங்கிலாந்து பிளக்கின் உள்ளேயே 3 அல்லது 13 ஆம்பியர் ஃபியூஸ் உண்டு. நம் 6, 16 ஆம்பியர் உருளை முனை பிளக்குகளில் பொதுவாக அது இல்லை. எனவே 32 ஆம்பியர் எம்.சி.பி.க்குப் பின்னால் மிக்சியின் மெல்லிய கார்டுக்குத் தனிக் காவல் கிடையாது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் கருவிகளின் சதுர முனை பிளக்கை வெட்டி நம் பிளக்கைப் போடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. வெட்டும்போது அந்த ஃபியூஸும் போய்விடுகிறது. மாணவர்களிடம் கேளுங்கள், யார் வீட்டிலாவது இருக்கும்.

ஆகவே புது வீடு கட்டுவோருக்கு என் பரிந்துரை ஆரச் சுற்றுதான், ஆனால் ஒன்று போதாது. இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தனி லைன், மற்ற பவர் பாயிண்டுகளுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி. இப்படிப் பிரித்தால் கெட்டில் தகராறு செய்தாலும் அடுப்பு நிற்காது. பழைய வீட்டில் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 16ஐக் கழற்றி 32 போடுவது வேறு கதை. எம்.சி.பி. காப்பது ஒயரை. ஒயரை மாற்றாமல் அதை மட்டும் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்பதை, மேலே உள்ள 24 ஆம்பியர் கணக்கை வைத்து மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.