போக்கும் வரத்தும்

நம் கல்லூரி வணிகவியல் துறை மாணவர் சிலர் சென்ற பருவத்தில் தமிழ்த்துறைக்கு வந்து ஒரு கலைச்சொல் கேட்டனர். ‘ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ்’ என்பது அவர்தம் பாடப்பகுதி. கருத்தரங்கப் பதாகையில் அதனைத் தமிழில் எழுத வேண்டும் என்றனர். ‘தலைகீழ்த் தளவாடம்’ என்று எவரோ ஆக்கித் தந்திருந்தனர். தளவாடம் என்றதும் நமக்குப் பீரங்கிதான் நினைவுக்கு வருகிறது. அது தலைகீழாகவும் நின்றால் அச்சமே மேலிடும்.

பொருளை விளக்குமாறு கேட்டோம். ஆலையில் பிறந்த பண்டம் கடை வழியே வீட்டை அடைவது ஒரு பயணம். அப்பண்டம் பழுதுபட்டாலும், தேய்ந்து ஓய்ந்தாலும், அது வந்த கலம் வெறுமையானாலும், வீட்டிலிருந்து மீண்டும் ஆலைக்குச் சென்று சேர்வது இன்னொரு பயணம். இவ்விரண்டாம் பயணத்தை முறைப்படுத்துவதே தங்கள் பாடம் என்றனர். இதற்கெனத் தமிழில் நெடுந்தொலைவு அலைய வேண்டுவதில்லை என்று அப்போது தோன்றிற்று. ‘போக்குவரத்து’ என நாம் அன்றாடம் வழங்கும் சொல்லில் போக்கும் உண்டு, வரத்தும் உண்டு. காய்கறி மண்டியில் ‘இன்று வரத்துக் குறைவு’ என்கின்றனரே, அதே வரத்துதான். ஆதலின் ‘மீள்வரத்து’ என்று எழுதிக் கொடுத்தோம். பதாகை அச்சாகி வந்தபோது ‘மீள்வறத்து’ என வல்லின றகரம் ஏறியிருந்தது. திருப்பி அனுப்பித் திருத்தி வாங்கினோம். கருத்தரங்கின் முதல் எடுத்துக்காட்டாக அப்பதாகையே அமைந்துவிட்டது.

காயலான் கடை

மீள்வரத்து மேலைநாட்டு மேலாண்மை நூல்கள் கண்டுபிடித்த புதுமை என்று மாணவர் எண்ணிவிடலாகாது. பழைய இரும்பு, பித்தளை, தாள், புட்டி ஆகியவற்றை எடைக்கு வாங்கும் இடத்தை நம் மக்கள் ‘காயலான் கடை’ என்பர். காயல்பட்டினத்திலிருந்து சென்னைக்கு வந்து பழம்பொருள் வாணிகம் செய்தோரால் இப்பெயர் ஏற்பட்டது என்று சொல்லப்படுகிறது. ஒரு காலத்தில் முத்துக்கும் அரபுக் குதிரைக்கும் பெயர் பெற்றிருந்தது காயல் கரை. அதன் பெயர் துருப்பிடித்த இரும்புக்கு அடைமொழியானதைச் சிலர் இழிவாகக் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிறர் பயனற்றது என்று ஒதுக்கியதில் பயனைக் கண்டவர்க்கு அது பட்டமே.

இக்கடைகள் செய்துவரும் பணியின் அருமை, அதிலுள்ள இடர்ப்பாட்டை உணர்ந்தாலன்றி விளங்காது. பண்டம் போகும்போது ஓரிடத்திலிருந்து பலவிடங்களுக்குப் போகிறது. எத்தனை பெட்டி, எந்த ஊர், எந்த நாள் என்பன யாவும் ஆலைக்குத் தெரியும். திரும்பும்போதோ பலவிடங்களிலிருந்து ஓரிடத்துக்கு வரவேண்டும். எந்த வீட்டில் எந்த நாளில் எது பழுதாகும் என்று எவர் அறிவார்? நல்லதும் கெட்டதும் கலந்து வரும். ஈரமும் எண்ணெயும் ஒட்டிக்கொண்டு வரும். முற்றத்தில் கொட்டிய கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கும் வேலை அது. பொறுக்குகிறவர்க்குக் கூலி யார் தருவது என்னும் வினாவில்தான் இப்பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

விலை என்னும் கயிறு

நம் வீட்டுச் சமையலறையிலேயே மிகச் சிறந்த மீள்வரத்து நிகழ்கிறது. நாம் அதைக் கவனிப்பதில்லை. 14.2 கிலோ எரிவாயு நிரம்பிய உருளை வருகிறது. வந்த வண்டியிலேயே வெற்றுருளை திரும்புகிறது. வெற்றுருளையைத் தராமல் நிறையுருளை பெற முடியாது. முதலில் கட்டிய வைப்புத்தொகை நம்மைப் பிணித்திருக்கிறது. வண்டி எப்படியும் திரும்பியாக வேண்டுமாதலின் தனி ஏற்றுக்கூலியும் இல்லை. திரும்பிய உருளை அப்படியே நிரப்பப்படுவதும் இல்லை. குறித்த காலத்தில் சோதனைக்கு உட்பட வேண்டும். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் இரும்புப் பட்டையின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி என்னும் ஆங்கில எழுத்துகளுள் ஒன்றும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். ‘பி 29’ என்றிருப்பின் 2029ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் அடுத்த சோதனை என்பது பொருள். நாள் கடந்த உருளையை வாங்க மறுக்கும் உரிமை நமக்குண்டு. இதனை மாணவர் தம் வீட்டில் இன்றே பார்த்துக்கொள்ளலாம்.

கோலி சோடாப் புட்டியும் இவ்வாறே. கடைக்காரர் எதிரிலேயே குடித்துவிட்டுப் புட்டியைக் கொடுத்துச் செல்ல வேண்டும். சோடாவைவிடப் புட்டிக்கு விலை மிகுதி என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

நீலகிரியில் 2022ஆம் ஆண்டில் தொடங்கிய ஏற்பாடு ஒன்றை ஈண்டுச் சுட்டலாம். அரசு மதுக்கடைகளில் விற்ற புட்டிகளைக் காட்டில் வீசி உடைத்ததால் யானை முதலிய விலங்குகளின் கால்கள் காயமுற்றன. வழக்கைக் கேட்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலில், புட்டி ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, வெறும் புட்டியைத் தந்தால் அப்பத்து ரூபாயைத் திருப்பித் தரும் முறை வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட புட்டிகள் திரும்பின. பிற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. மதுவைப் பற்றி நம் கருத்து யாவரும் அறிந்ததே. அதனைப் புட்டியின் மேல் ஏற்ற வேண்டியதில்லை. எத்தனையோ அறிவிப்புப் பலகைகளால் முடியாததைப் பத்து ரூபாய் முடித்தது என்பதே நமக்கு இங்கு வேண்டிய செய்தி.

விலையில்லாதது திரும்புவதில்லை என்பதற்குச் சான்று தேடித் தெருவுக்குப் போனால் போதும். குப்பை பொறுக்குவோர் தண்ணீர்ப் புட்டியை எடுப்பர். ஒரு ரூபாய்ச் சாம்பு உறையைத் தாண்டிச் செல்வர். அவ்வுறையில் பல்வகை நெகிழிப் படலங்களும், சிலவற்றில் அலுமினியத் தகடும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கும் செலவு, கிடைக்கும் பொருளின் மதிப்பை விஞ்சும். ஏழை எளியவரும் சாம்பு வாங்க வழி செய்தது இச்சிற்றுறை. அதன் தொடக்க வரலாற்றில் நம் கடலூருக்கும் பங்குண்டு. போக்கைப் பற்றிச் சிந்தித்த அளவுக்கு வரத்தைப் பற்றி அன்று எவரும் சிந்திக்கவில்லை.

விலை இல்லாத இடத்தில் சட்டம் விலையை உண்டாக்க வேண்டும் என்ற கருத்து 1990இல் சுவீடன் நாட்டு அறிஞர் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் என்பவரால் உருப்பெற்றது. பொருளை ஆக்கியவரே அதன் இறுதிக்கும் பொறுப்பாளர் என்பது அதன் சாரம். மறு ஆண்டே ஜெர்மனி பொதிபொருள்களுக்கு இதனைச் சட்டமாக்கியது. நம் நாட்டில் மின்னணுக் கழிவுக்கு 2011ஆம் ஆண்டு விதிகளிலும், நெகிழிப் பொதிகளுக்கு 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளிலும் இது இடம்பெற்றது. உற்பத்தியாளர் தாம் விற்ற அளவுக்கு ஈடாக மறுசுழற்சி நடந்ததெனச் சான்றிதழ் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் 2023இல் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டறிந்தது. உறை தெருவிலேயே கிடந்தது. காகிதம் மட்டும் ஒழுங்காகத் திரும்பியிருந்தது!

குரோமும் உப்பும்

பொருள் ஆலையை விட்டு வெளியேறும் முன்னரே அதனைத் திருப்பிக்கொள்வதும் மீள்வரத்தின் ஒரு கூறே. பாலாற்றங்கரைத் தோல் தொழிலை இதற்கு எடுத்துக்கொள்வோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று நீளும் இத்தொழிலில் நம் சமுதாயத்தார் பலர் தலைமுறைகளாக ஈடுபட்டு வருவதால், பிறர் குறையைச் சொல்வதுபோல் இதைச் சொல்லிவிட முடியாது.

தோலைப் பதப்படுத்தும் குரோமிய உப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே தோல் ஏற்கிறது. எஞ்சியது பச்சை நீராக வெளியேறும். அந்நீரில் மக்னீசியம் ஆக்சைடைக் கலந்தால் குரோமியம் சேறாகப் படியும். தெளிந்த நீரை வடித்துவிட்டு, அச்சேற்றைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதமிடும் உப்புக் கரைசல் கிடைக்கும். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. தொட்டியும் கலக்கியும் இருந்தால் போதும். குரோமியம் விலையுயர்ந்தது, ஆதலின் இதனைச் செய்தவர்க்கு ஆதாயமும் இருந்தது.

உப்பின் கதையோ வேறு. பச்சைத் தோல் அழுகாதிருக்க நூறு கிலோவுக்கு முப்பது, நாற்பது கிலோ உப்பு இடுவர். பதனிடும் முன் அவ்வளவும் கழுவி எடுக்கப்படும். நெடுங்காலம் அது நிலத்துக்கும் ஆற்றுக்கும் போயிற்று, கிணறுகள் கரித்தன. 1991இல் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்புத்தான் நிலைநாட்டியது. பின்னர்க் கழிவுநீரை வெளியேற்றாமல் நீரைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் நிலையங்கள் எழுந்தன. நீர் திரும்பியது. ஆவியாக்கிய பின் எஞ்சிய கலவை உப்பை எடுத்துக்கொள்வார் இல்லை. தூய உப்பாயின் விற்கலாம். சல்பேட்டும் பிறவும் கலந்ததை எவர் வாங்குவர்? மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்துக் காத்திருப்பதே வழியாயிற்று. குரோமியத்துக்கு வழி தெரிந்த தொழில் உப்பின் முன் திகைத்து நிற்பதற்கு அறிவுக்குறை காரணமன்று. உப்பு மலிவு, அவ்வளவே. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கி அத்தொகையை மாசுபடுத்தியோரிடம் பெறுமாறு 30.1.2025 அன்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

ஈயம்

விலை இருந்துவிட்டால் எல்லாம் செம்மையாகும் என்று இதுவரை சொன்னதைக் கொண்டு முடிவு கட்டலாகாது. ஊர்தி மின்கலத்தை நோக்குக. பேட்டரி என்று நாம் வழங்கும் அப்பெட்டியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமும் ஈயச் சேர்மங்களுமே. 327 பாகை வெப்பத்தில் உருகும் ஈயத்தை எத்தனை முறை வேண்டுமாயினும் உருக்கிப் புதுக் கலம் செய்யலாம். புதியது வாங்கும்போது பழையதன் விலையைக் கடைக்காரர் கழித்துக்கொள்கிறார். எவரும் பேட்டரியைக் குப்பையில் எறிவதில்லை. மீள்வரத்து இங்கு ஏறக்குறைய முழுமை பெற்றிருக்கிறது.

எவர் வாயிலுக்குத் திரும்புகிறது என்பதே வினா. உரிமம் பெற்ற உருக்காலையில் புகைவடிப்பான் உண்டு. அமிலத்தை முறிக்கும் தொட்டி உண்டு. தொழிலாளர்க்கு முகக்கவசமும் குருதிச் சோதனையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் செலவாகும். அச்செலவு ஏதுமின்றி ஊர்ப்புறக் கொட்டகையில் உருக்குபவரால் பழைய கலத்துக்குச் சற்றே மிகுந்த விலை தர முடிகிறது. கயிற்றை இழுக்கும் கை எது என்று விலைக்குத் தெரியாது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே பழைய கலங்கள் சேர வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் கூறின. அவற்றின் இடத்தில் 2022இல் விரிவான புது விதிகள் வந்தன. கொட்டகைகளோ இரவில் புகைந்துகொண்டுதான் இருக்கின்றன. அமிலம் மண்ணில் ஊறுகிறது. ஈயத்தூசு துணியில் ஒட்டி வீட்டுக்கு வருகிறது. அதனைச் சுவாசிக்கும் குழந்தையின் அறிவு வளர்ச்சி குன்றும். பின்னர் அதனை மீட்க இயலாது. இவ்வளவுக்குள் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பழைய பேட்டரியைக் கொடுக்கும்போது, கடைக்காரர் அதை எங்கே அனுப்புகிறார் என்று கேட்டு, உரிய சீட்டும் பெற்றுக்கொள்ளுமாறு மாணவர்களிடம் இப்போது சொல்லி வருகிறோம். சொல்லத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு மாணவர்க்கு ‘என் தந்தையின் தொழில்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தோம். ஒரு மாணவன், தன் தந்தை பழைய பேட்டரிகளைக் கோடரியால் உடைத்து உருக்கும் கொட்டகையில் வேலை செய்வதாக எழுதியிருந்தான். அடிக்கடி அவருக்கு வயிற்றுவலி வரும். மருத்துவர் குடற்புண் என்றார். அண்மையில் சோற்றை உருட்டக்கூட மணிக்கட்டில் வலுவில்லை. தங்கை அவர் மடியில் உறங்கினால்தான் உறங்குவாள் என்றெல்லாம் எழுதியிருந்தான். அவ்வயிற்றுவலியும் மணிக்கட்டின் வலுவின்மையும் ஈய நஞ்சின் அடையாளங்கள் என்று இக்கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் அறிந்தோம். அவன் படிப்பை முடித்துச் சென்றுவிட்டான். பழைய முகவரிக்கு எழுதிய மடல், பெறுநர் இல்லை என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. அவன் கட்டுரையில் ‘இயம்’ என்று குறிலாக இருந்ததை ‘ஈயம்’ என்று சிவப்பு மையால் திருத்தி, நடை நன்று எனக் குறித்து, பத்துக்கு ஏழு வழங்கியிருந்தோம்.