படகில் படித்த பாடம்

கல்விச் சுற்றுலாவில் கொடைக்கானல் ஏரிக்குப் போனோம். 1863-ல் உருவாக்கப்பட்ட ஏரி அது. துடுப்புப் படகில் நால்வர் ஏறினோம். கரையில் மடையான், நீரில் முக்குளிப்பான். தலைக்கு மேலே, அரிவாள் போல் வளைந்த இறக்கையும் வெள்ளை வயிறுமாக ஒரு கூட்டம் சீறிப் பாய்ந்தது. "உழவாரன்!" என்றேன். கரையோரக் கம்பியில் உட்கார்ந்திருந்த சிறு பறவைகளையும் அதே பெயரில் நோட்டில் எழுதிவிட்டேன்.

படகோட்டி அண்ணன் சிரித்தார். "தம்பி, மேல பறக்குறது கம்பியில உட்காராது. நல்லா பாருங்க."

துடுப்பை நிறுத்திப் பார்த்தோம். ஒன்றுகூட உட்காரவில்லை. தண்ணீரைக்கூடப் பறந்தபடியே அலகால் அள்ளிக் குடித்தன.

ஊர் திரும்பியதும் படித்தேன். உழவாரனுக்குக் கால் குட்டை. விரல் நான்கும் முன்னோக்கியவை. பாறையில் தொற்றலாம், கம்பியில் அமர முடியாது. கம்பியில் இருந்தவை தகைவிலான்கள். இந்த வெள்ளை வயிற்று உழவாரன் 200 நாட்கள் இறங்காமலே பறப்பதை, முதுகில் சிறு கருவி பொருத்தி சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்டனர்.

லேபில் மீட்டரைப் பார்க்காமல் பக்கத்து பெஞ்ச் ரீடிங்கை ரெக்கார்டில் எழுதுகிறோமே, நானும் எழுதியவன்தான். நாளை நம் அளவை நம்பித்தான் ஒரு பாய்லர் ஓடும். பார்த்ததை மட்டும் எழுதுவோம்!