புல்வெளியில் பெட்டி தேடப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கன்சஸ் புல்வெளியில் ஒரு முழுநாள் ஜியோகேச்சிங், அதாவது ஜி.பி.எஸ். காட்டும் இடத்தில் யாரோ ஒளித்த பெட்டியைத் தேடும் விளையாட்டு, ஆடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். மரமும் இல்லை, மலையும் இல்லை, அங்கே எதை ஒளித்துவைத்துவிட முடியும் என்றும் கேட்டிருந்தாய். காட்டில் தேடுவதைவிட வெட்டவெளியில் தேடுவதுதான் கடினம் என்பது என் கட்சி.

வானம் திறந்து கிடப்பதால் ஜி.பி.எஸ். அங்கே ஒழுங்காக வேலை செய்யும். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்து மீட்டர் பிழை என்றாலே கிட்டத்தட்ட எண்பது சதுர மீட்டர் புல். செப்டம்பரில் அந்தப் புல் பல இடங்களில் உன் தலைக்கு மேல் நிற்கும். அதற்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தால் பொழுது சாய்ந்துவிடும். அதனால் கருவி வேலையை முடித்ததும் அதைப் பையில் போடு. நிமிர்ந்து நின்று, மனிதக் கை பட்டது எது என்று பார். வேலி மூலைக்கம்பம், மதகுக் குழாய், நின்றுபோன காற்றாடி, பழைய கல்லறைத் தோட்டத்தின் வாசல். பெட்டியை ஒளித்தவனுக்கும் அந்த வெளியில் வேறு பிடிமானம் இருந்திருக்காது. ரஸ்ஸல், லிங்கன் மாவட்டங்களில் வேலிக்கம்பமே சுண்ணாம்புக்கல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறியவர்களுக்கு வெட்ட மரம் கிடைக்கவில்லை. காலடியில் இருந்த கல்லைப் பிளந்து நட்டுவிட்டார்கள். அப்படி ஒரு வரிசையில் ஒரு கல்லின் அடியில் மட்டும் புல் மிதிபட்டிருந்தால் அங்கே போய்க் குனி.

மிங்கோ என்ற பெட்டியைப் பற்றியும் கேட்டிருந்தாய். 2000 மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகனில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். விளையாட்டு தொடங்கிவிட்டது. மே 11 அன்று கன்சஸில் கோல்பி ஊருக்குப் பக்கத்தில் வைத்ததுதான் மிங்கோ. இன்றும் தேடப்படும் பெட்டிகளில் அதுவே பழையது. அவசியம் பார்க்கவேண்டியதுதான். ஆனால் நெடுஞ்சாலையோரம் இருப்பதால் இறங்கி, பெட்டிக்குள் இருக்கும் தாளில் கையெழுத்திட்டு ஏறிவிடலாம். அதற்கு ஒரு நாளைக் கொடுக்காதே.

உன் நாளை ஃபிளின்ட் ஹில்ஸுக்குக் கொடு. கோல்பியிலிருந்து கிழக்கே காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மண்ணுக்கடியில் கல் இருந்ததால் அங்கே ஏர் இறங்கவில்லை, புல் பிழைத்தது. வட அமெரிக்காவில் ஒருகாலத்தில் பரந்து கிடந்த உயர்புல் வெளியில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் நான்கு சதவீதம், அதில் பெரும்பகுதி இங்கேதான். ஸ்ட்ராங் சிட்டி அருகே 1996-இல் அமைத்த தேசியக் காப்பகத்தில் காட்டெருமைகள் மேய்கின்றன. அந்த மாதிரி நிலங்களில் பெட்டி வைக்கப் பொதுவாக அனுமதி கிடையாது. பாறையையும் மண்ணையும் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் எர்த்கேச் வகைதான் அங்கே பொருந்தும். பெட்டி இல்லாததை என்ன தேடுவது என்று இளையவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வகைதான் பிடிக்கும்.

எண்ணிக்கைக்காக ஓடாதே. 161 மீட்டருக்கு ஒன்றாகச் சாலை நெடுகப் பிலிம் டப்பாக்களை வைத்திருப்பார்கள். காரை நிறுத்து, கையெழுத்துப் போடு, கிளம்பு. அது ஒரு நாள் கூலி வேலை.

காப்பகத்துக்கு வெளியே பெரும்பாலும் தனியார் மேய்ச்சல் நிலம். கருவியின் அம்பு நேர்கோட்டில் காட்டும். சாலைகளோ அப்படி நேராகப் போகாது. சுற்று என்றாலும் சாலையிலேயே போ, வேலி தாண்டாதே. அனுமதியோடு உள்ளே போனால், திறந்திருந்த கதவைத் திறந்தபடியும் சாத்தியிருந்ததைச் சாத்தியும் விட்டு வா. காய்ந்த புல்மேல் காரை நிறுத்தாதே, அடியில் இருக்கும் சூடே தீ வைத்துவிடும். உண்ணிக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிக்கர் பூச்சிக்கும் பயந்து, பேண்ட் காலைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள். இடி கேட்டால் தேடல் முடிந்தது. அந்த வெளியில் பல இடங்களில் உயரமான பொருள் நீதான், காருக்குள் போய் உட்கார்.

நாளைக்கு நீயே ஒரு பெட்டி வைப்பாய். வசந்தத்தில் பண்ணைக்காரர்கள் மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைப்பார்கள், புதுப்புல் தழைக்க. பிளாஸ்டிக் டப்பா அதில் உருகிவிடும். பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி தாங்கும், ஆனால் உள்ளே இருக்கும் தாள் கருகலாம். எதை வைத்தாலும் நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு வை. தீ போன பிறகு ஒருமுறை போய்ப் பார்.

கடைசியாக ஒன்று. கிடைக்காமல் திரும்பினால், கிடைக்கவில்லை என்று பதிவு செய். நிறையப் பேர் வெட்கப்பட்டு அதை எழுதுவதில்லை. பெட்டி காணாமல் போயிருந்தால் அதை வைத்தவருக்குத் தெரியவரும் முக்கிய வழி அதுதான். ஒருவரும் எழுதாவிட்டால் உனக்குப் பின்னால் வருபவர்கள் எல்லாரும் இல்லாத பெட்டிக்காக வெயிலில் அலைவார்கள். ஆகவே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே அதை எழுதிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்