அடுப்புக்கேற்ற எரிபொருள்

சென்ற ஐப்பசியில் ஒரு கிராமச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவரின் வீட்டில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. ஊதுகுழலும் கையுமாக அமர்ந்திருந்த அவருடைய தாயாரின் கண்கள் சிவந்து நீர் வடிந்தன. "விறகு மலிவாய்க் கிடைத்தது, ஐயா" என்றார் அங்கத்தினர். அது மலிவுதானா என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலாவது, ஈரம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராகும். நன்கு காய்ந்த விறகிலோ அது ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே 10 கிலோ பச்சை விறகு வாங்குபவருக்குக் காய்ந்தபின் மிஞ்சுவது சுமார் 6 கிலோவே. ஏனையது தண்ணீருக்குக் கொடுத்த விலை. காயாமல் எரித்தாலோ, சூட்டில் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகும், புகையும் மிகும். காய்ந்த விறகின் முனைகளில் வெடிப்பு காணும். பட்டை எளிதில் உரியும். இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

இரண்டாவது, வேலைக்கேற்ற விறகு. நெல் அவித்தல் போன்ற நீண்ட வேலைக்குக் கருவேலம், சீமைக் கருவேலம், சவுக்கு முதலிய கனத்த மரங்கள் உகந்தவை. விரைவில் முடியும் சமையலுக்குப் பருத்திமாரும் துவரைமாரும் தென்னை மட்டையும் போதும். உமியைச் சாதாரண அடுப்பில் கொட்டினால் நெருப்பு அணையும். அதற்கென அமைந்த உமியடுப்பு வேண்டும். அரளிக் கட்டையின் புகை நஞ்சாகும். பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் சாயம் பூசிய பலகையையும் அடுப்பிலிடுதல் ஒருபோதும் கூடாது.

மூன்றாவது, வறட்டி. இது காசின்றிக் கிடைப்பதாகத் தோன்றும். ஆனால் சாணத்தை எரிக்கும்பொழுது பயிருக்கு வேண்டிய தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. சாம்பலில் அது மிஞ்சுவதில்லை. பின்னர் அதே சத்தை உரமாக விலைகொடுத்து வாங்குகிறோம். விறகு கிடைக்கும் ஊரில் சாணம் எருக்குழிக்கே உரியது.

நான்காவது, கரி. புகை இல்லாமையால் இதனைத் தீங்கற்றதென எண்ணலாகாது. எரியும் கரியிலிருந்து நிறமும் மணமுமில்லாத நச்சுவாயு உண்டாகிறது. கதவடைத்த அறையில் கரியடுப்பை வைத்து உறங்குதல் உயிருக்கே ஆபத்து.

ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்குச் சமையல் வாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இணைப்பு உள்ளவர்கள் வீட்டுக்குள் வாயுவையும், முற்றத்து வேலைகளுக்கு விறகையும் கொள்வது கண்ணுக்கும் நுரையீரலுக்கும் நலம்.

முடிவாக ஒரு யோசனை. மாசி, பங்குனியில் அங்கத்தினர்கள் ஒன்றுகூடி விறகை மொத்தமாக வாங்கி, பிளந்து, தரையில் படாமல் காற்றோட்டமாக அடுக்கி, மழை வருமுன் கூரையின்கீழ்ச் சேர்த்து வைக்கலாம். தனித்து வாங்குபவர் ஐப்பசியில் கேட்ட விலை கொடுப்பார். கூடி வாங்குபவர் கோடையின் வெயிலையும் இலவசமாகப் பெறுவார். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசுங்கள். வீட்டுப் பெண்களின் கருத்தையும் தவறாமல் கேளுங்கள். அடுப்பின் முன் அமர்பவர் அவர்களே அல்லவா?